கண்ணைப் பறிக்கும் கேள்விகள்

கே: 'டாஸ்லிங்' என்றாலும் 'பிரைட்' என்றாலும் ஒன்றுதானே? (கல்லூரி மாணவி, தேனி)

ப: 'பிரைட்' விளக்கைப் பற்றிய சேதி, 'டாஸ்லிங்' உங்கள் கண்ணைப் பற்றிய சேதி. மேட்னி ஷோ விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அறைகிறதே வெயில், அது டாஸ்லிங். கண் கூசினாலும் சொல்லலாம், மனசு சொக்கினாலும் சொல்லலாம். 'டாஸ்லிங் ஸ்மைல்' என்றால் பார்த்தவர் காலி!

கே: 'டாஸ்லிங் மிஸ்டேக்' என்று எழுதலாமா? (சேலம்)

ப: தப்பு உறுத்தும், சொக்கவைக்காது. 'கிளேரிங்' போடுங்கள்.

கே: கப்பலுக்குக்கூட 'டாஸில்' பெயின்ட் அடித்தார்களாமே? (தூத்துக்குடி)

ப: இப்படிக் கேளுங்கள்! முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நடுக்கடலில் கப்பலை எங்கே ஒளிப்பது? புகையே காட்டிக்கொடுத்துவிடும். 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் தலைகீழாக யோசித்தார்: மறைக்க வேண்டாம், குழப்புவோம். கறுப்பு, வெள்ளை, நீலத்தில் கோணல்மாணலாகப் பட்டைகள்! டார்ப்பிடோவைக் கப்பல் இருக்கும் இடத்துக்கு விட்டால் பயனில்லை. கப்பல் போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டு விட வேண்டும். பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்குக் கப்பலின் மூக்கு எந்தப் பக்கம் என்றே பிடிபடாவிட்டால் கணக்கு கெட்டது. லண்டன் ராயல் அகாடமியில் ஓவியர்கள் உட்கார்ந்து பொம்மைக் கப்பல்களில் பட்டை போட்டுப் பரிசோதித்தார்கள். இதனால் எத்தனை கப்பல் பிழைத்தது என்பதற்கு உறுதியான கணக்கு கிடையாது. இருந்தாலும் தூரிகையோடு போருக்குப் போனவருக்கே என் ஓட்டு.

கே: விளம்பரத்தில் வருகிற 'டாஸ்லிங் ஒயிட்' வேட்டி நிஜமா? (ஈரோடு)

ப: சோப்புத்தூளில் இருக்கும் ரசாயனம் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது, துணியின் மஞ்சள் மறைகிறது. அழுக்கு போனதா என்பதை வேட்டியின் கீழ் ஓரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கே: இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் அப்பாவுக்கு ரோடே தெரிவதில்லை. என்ன செய்ய? (விழுப்புரம்)

ப: வயது ஏற ஏற, கூசிய கண் பழைய நிலைக்கு வர அதிக நேரம் எடுக்கும். கண்புரை இருந்தாலும் இப்படித் தொந்தரவு வரும். முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எதிரில் வெளிச்சம் வந்தால் வேகத்தைக் குறைத்து, பார்வையை ரோட்டின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வண்டியின் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள். மற்றவர்களே, எதிரே வண்டி வந்தால் தயவுசெய்து டிம் பண்ணுங்கள். அதில் யாரோ ஒருவருடைய அப்பா வருகிறார்.