ஸ்போர்ட்ஸ் கார் லட்சண விசாரம்

கிருகஸ்தாசிரமத்தின் பிற்பகுதியில், வீட்டுக் கடனின் கடைசித் தவணையும் மூத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் தீர்ந்து, கையில் சிறிது திரவியமும் தலையில் சற்று அதிகமாகவே நரையும் எஞ்சி நிற்கும் வேளையில், இரண்டே இருக்கைகளும் தாழ்ந்த கூரையும் உடைய ஒரு வாகனத்தின் மீது புருஷர்களுக்கு உண்டாகும் அபேட்சையைக் குறித்து நம் சாஸ்திரங்கள் மௌனம் சாதித்திருப்பது பெருங்குறையே. வைத்தியர்கள் இதை வியாதி என்று ஒப்புக்கொள்வதில்லை. சோதிடர்களோ சனியின் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே, காட்சி, கருதல், உரை என்னும் மூவகைப் பிரமாணங்களையும் துணைக்கொண்டு, சென்னையை அடுத்த கீழ்க்கட்டளையைக் களமாக வைத்து இவ்விஷயத்தை நிர்ணயிக்கப் புகுந்தேன்.

கீழ்க்கட்டளை எதற்கு என்று பூர்வபட்சி கேட்பான். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் நோக்கி ஓடும் இருநூறடிச் சாலை வேகத்தின் மீது ஆசையைக் கிளப்புவதும், மெட்ரோ ரயில் வேலைக்கு இடம் கொடுத்து ஒடுங்கிக் கிடக்கும் மேடவாக்கம் பிரதான சாலை அவ்வாசையை அடக்குவதும் இவ்வூரில் சில கஜ தூரத்துக்குள்ளாகவே நிகழ்கின்றன என்பதே அவனுக்கு விடை.

முதலில் காட்சி. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை நோகாமல் கடக்கலாம். நம் தெருக்களிலுள்ள வேகத்தடைகளோ எந்த விதிக்கும் கட்டுப்படாமல், தெருவாசிகளின் கோபத்திலிருந்து ஓரிரவில் கிளம்பிய சுயம்புகள். பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே பெரும்பாலும் அரைச் சாண் இடைவெளிதான் உண்டு. அதிலும் சாப்பாட்டில் குறைவைக்காத இருவர் ஏறி அமர்ந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

அடுத்தது அரிசி. 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து சேர்ந்ததும், நம் கடைகளில் 26 கிலோ மூட்டை அவதரித்தது யாவரும் அறிந்ததே. ஐரோப்பியச் சிற்பிகளில் ஒருவராவது இம்மூட்டையை மனத்தில் இருத்தி டிக்கியை வடித்ததாகத் தெரியவில்லை. ஆதலால் மூட்டை பக்கத்து இருக்கையில் வீற்றிருக்கும். அதற்கும் பெல்ட் மாட்டும்படி வண்டி வீடு வரை ஓலமிடும். இல்லத்தரசியார் ஷேர் ஆட்டோவில் பின்தொடர்வார். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டு அரசு 20 விழுக்காடு ஆயுள் வரி வசூலிப்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அதை விவரிக்க மனம் இடம் தரவில்லை.

இனி கருதல். நடுவயதுக்குரிய ஸ்போர்ட்ஸ் காரை இத்தாலியிலும் ஜெர்மனியிலும் தேடி அலைவோர், அது தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் உற்பத்தியாயிற்று என்பதை மறந்துவிட்டார்கள். அங்கே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சிறிது குறுக்கி, அதன் மேல்தான் 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்னும் அழகிய இருவர் வண்டியை டிரையம்ப் கம்பெனியார் கட்டினார்கள். ஒரே எலும்பு அங்கே கடற்கரைக் காதலர்களைச் சுமக்க, இங்கே டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்து, கோயில் வாசல்களில் பொறுமையோடு காத்து நின்றது.

அதனினும் விசேஷமானது 1985-இல் அதே ஆலையிலிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000. அதன் மேனி பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடையது; அந்த மேனியை வரைந்தபோது டேவிட் பேச் என்னும் சிற்பியின் மனத்தில் ஃபெராரி டேடோனா நடமாடிற்று என்பர். ஆனால் ரோவரின் புது எஞ்சின்களில் ஒன்றும் இதற்கு வாய்க்கவில்லை. பழைய வேன்கார்டு கார்க் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு லிட்டர் எஞ்சினே உள்ளே அமர்ந்தது. அக்குடும்பத்து எஞ்சின்தான் 1953-இல் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியது! புறத்தே புதுச் சட்டை. அகத்தே ஒரு காலத்தில் துள்ளி ஓடி, முப்பது வருஷத்தில் மூச்சுவாங்கப் பழகிய இருதயம். கூடவே அபாரமான பசி. இதைவிட நடுவயதுக்கு இணக்கமான வாகனத்தைப் பிரமனும் படைத்திருக்க இயலாது. ஜனங்கள் இதை ஆதரிக்காமல் மாருதியின் சிக்கனத்தை நாடிப் போனார்கள்; 1988-க்குள் உற்பத்தியும் நின்றது. தம்மைப் போன்ற ஒன்றைத் தாமே விலை கொடுத்து வாங்க எவரும் விரும்புவதில்லை என்று நான் அனுமானிக்கிறேன். ஆலை நின்ற நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகளும் அலுவலகங்களும் நிற்கின்றன.

உரைப் பிரமாணத்துக்குக் கோவிலம்பாக்கம் பக்கத்து மெக்கானிக் ஒருவரை அடைந்தேன். குதிரைத்திறன், சக்கர அகலம், வர்ணபேதம் ஆகியவற்றைப் பற்றி நான் விஸ்தாரமாக வினவியதையெல்லாம் கேட்டபின், பழுதுக்கு வந்திருந்த தாழ்ந்த வண்டி ஒன்றின் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், அது எளிது. "இப்ப எறங்கிக் காமிங்க சார், வாங்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். முழங்காலை விடச் சிறந்த பரீட்சை அதிகாரி இல்லை என்பது அவர் சித்தாந்தம். அதற்கு மறுப்பு எழுத என்னிடம் திராணி இல்லை, நியாயமும் இல்லை.

ஆயினும் இளைஞர்களுக்கு இவ்வாகனத்தில் பாத்தியதை உண்டு என்னும் வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. சென்னையைச் சுற்றிய சாலைகள் காலியாயிருப்பது விடியற்காலை ஐந்து மணியையொட்டிய சொற்ப நேரமே. அந்நேரத்தில் யௌவனம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஐம்பதை நெருங்கியவனோ, எவரும் எழுப்பாமலே நான்கரைக்கு விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனவே இயற்கையே இவ்வாகனத்தை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. இருநூறடிச் சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், பள்ளிக்கரணை வரை ஒருமுறை போய்த் திரும்பலாம். ஆறரைக்குள் வண்டியைக் குடியிருப்பின் தூண்களுக்கிடையே செருகி, உறை போர்த்தி, கைப்பிடியைப் பற்றி எழுந்து, மாடி ஏறிவிட வேண்டும். வழியில் வாங்கிய ஆவின் பாக்கெட்டுகளுக்கு டிக்கியில் தாராளமாக இடமிருக்கிறது.