கலங்கல் போகுதா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருப் பெரியவர்கள் முதலில் கேட்டது, "கலங்கல் போகுதாடா?" என்றுதான். எண்பதுகளின் ஆவடியில் வானிலை அறிக்கையைவிட அதுதான் பெரிய செய்தி. பையன்கள் நாங்கள் ஏரிக்கரைக்கு ஓடிப் பார்த்துவந்து சொல்வோம். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரிநீர் விழ ஆரம்பித்துவிட்டால் இரண்டு காரியம் தெளிவாகிவிடும். அடுத்த சித்திரை வரை கிணற்றில் தண்ணீருக்குக் கவலையில்லை. தாழ்வான தெருக்காரர்கள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். வறட்சி, வெள்ளம் இரண்டுக்கும் எச்சரிக்கை ஒரே இடத்திலிருந்து வந்தது.

அந்தப் பெரியவர்கள் யாரும் பேரிடர் மேலாண்மை படித்தவர்கள் இல்லை. ஆனால் எந்த ஏரித் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். பருத்திப்பட்டு ஏரி நிரம்பினால் கூவத்துக்கு, அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு. நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்துவைத்து மற்ற மாதங்களைக் கடத்தத்தான் இத்தனை ஏரிகள். ஏரி நிறைந்தால் வெள்ளத்தின் வேகம் குறையும், கோடையில் கிணறு ஊறும்.

பிறகு ஊர் வளர்ந்தது. வயல்கள் மனைகளாயின, வரத்துக்கால்வாய்கள் தெருக்களாயின. கிணற்றை மூடி போர் போட்டோம். போர் வற்றியபோது லாரிக்கு டோக்கன் வாங்கினோம். 2003இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது தெருவெங்கும் குழி தோண்டினார்கள். அது உண்மையாகவே பலன் தந்த திட்டம். பல இடங்களில் நிலத்தடி நீர் ஏறியது. இன்று அந்தக் குழிகளில் எத்தனை மண்ணடைத்துக் கிடக்கின்றன என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சென்னை மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் அப்படித்தான். அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீர் ரயிலேறி வந்தது. ஐம்பது வேகன்கள், இருபத்தைந்து லட்சம் லிட்டர். எங்கள் ஆவடி ஸ்டேஷன் வழியாகத்தான் வில்லிவாக்கத்துக்குப் போனது. இத்தனை ஏரி இருக்கும் ஊரைத் தாண்டித் தண்ணீர் ரயிலில் போவதா என்று மனசு ஆறவே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திரும்பவும் தெருக்களில் வெள்ளம்.

மிக்ஜாமுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. அது வேண்டிய உதவிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வறட்சிக்கு ஒரு கூட்டம், வெள்ளத்துக்கு வேறொரு கூட்டம், இரண்டுமே ஆபத்து வந்த பிறகு என்ற வழக்கம் மாறவேண்டும். பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019இல் பூங்காவும் நடைபாதையும் அமைத்தார்கள். காலையில் அங்கே நடப்பவர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஏரியைக் காப்பது கரையிலிருக்கும் நடைபாதை அல்ல. அடைப்பில்லாத, சாக்கடை கலக்காத வரத்துக்கால்வாயும், ஆக்கிரமிப்பில்லாத போக்குக்கால்வாயும்தான். செலவு செய்யவேண்டிய முதல் இடம் அது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வீடு வாங்குகிறவர்கள் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள். மனைக்கு மேலே எந்த ஏரி இருக்கிறது, அதன் கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்றும் கேளுங்கள். புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்க் குழியைத் தூர்வாருங்கள். கால்வாயில் அடைப்பு இருந்தால் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து, எடுக்கும்வரை விடாமல் கேளுங்கள்.