செட்டை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தமும் கூடவே ஏறுகிறது. டைனமோ போச்சு, மாற்றணும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா? (வாசகர், கள்ளிக்குப்பம், அம்பத்தூர்)

பதில்: பொறுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் காட்டினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. அடுத்து மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்புங்கள். நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் ஏ.சி. மின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது, உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன. மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் உங்களுக்குப் பக்கத்தில், பாடியில்தான் இருக்கிறது. அந்த வேலை தெரிந்த கைகளுக்கு உங்கள் பகுதியில் பஞ்சம் இருக்காது. டயோடை மட்டும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் எர்த். ஸ்டீரியோ செட்டுக்கு டேஷ்போர்டில் ஓர் எர்த், டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு (ஆம்ப்) வேறோர் எர்த். இரண்டுக்கும் நடுவே துளி வோல்ட் வித்தியாசம் இருந்தாலும், அந்த மின்சாரம் ஆர்.சி.ஏ. கேபிளின் மேலுறை வழியாக ஓடும். ஆல்டர்னேட்டரின் சலசலப்பையும் பாட்டோடு சேர்த்து ஆம்ப் பெரிதாக்கிவிடும். எஞ்சின் வேகம் கூடினால் சத்தத்தின் சுருதியும் கூடுவது அதனால்தான்.

செட்டை அணைத்து, ஆம்ப்பிலிருந்து ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கி, செட்டை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் அது கேபிள் வழியாக வந்தது. நிற்காவிட்டால் ஆம்ப்பின் லைனிலோ எர்த்திலோ கோளாறு. பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த எர்த் உதவாது. ஸ்குருவைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கே தெரியும்: பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள், அடியில் பழுப்பாகத் துரு. தகடு வெள்ளிபோல் மின்னும்வரை சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு, போல்ட்டால் இறுக்குங்கள். பவர் கேபிளை ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ.வை மறுபக்கமும் இழுங்கள். டைனமோ காசு மிச்சம்.

கேள்வி: செட் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போடலாமா? (டிராவல்ஸ் ஓட்டுநர், கரையான்சாவடி)

பதில்: கூடவே கூடாது. அந்த ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. சிவப்பு 10-ஐ எடுத்துவிட்டு மஞ்சள் 20 போட்டால் ஃபியூஸ் நிற்கும், டேஷ்போர்டுக்குள் வயர் எரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வயர் எரியாது. செட்டின் கப்ளரைக் கழற்றியதும் அணைந்தால் கோளாறு செட்டுக்குள். அணையாவிட்டால் வயரை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு சிமிட்டுகிறதோ, அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

கேள்வி: சாவியை எடுத்ததும் செட் நேரத்தையும் ஸ்டேஷனையும் மறந்துவிடுகிறது. (வாசகி, அயப்பாக்கம்)

பதில்: பெரும்பாலும் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் இடம் மாறியிருக்கும். செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், சிவப்பு சாவியோடு. மாற்றிச் செருகுங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: டிரைவர் பக்கக் கதவு பாதி திறந்திருந்தால் ஸ்பீக்கர் பாடுகிறது, மூடினால் ஊமை. ஸ்பீக்கர் வாங்கட்டுமா? (வாசகர், திருமுல்லைவாயல்)

பதில்: வாங்காதீர்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மடிந்து கிடக்கும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். பல வருடம் திறந்து மூடியதில் உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேலுறை மட்டும் முழுதாக நிற்கும். ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ‘டக்’ என்று கோன் துள்ள வேண்டும். மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும். புது வயரை இழுக்கும்போது ஜாயின்ட் அந்த மடிப்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மைனஸ் கதவின் தகட்டில் பட்டுவிடக் கூடாது. இன்றைய செட்களில் ஸ்பீக்கர் மைனஸும் எர்த்தும் ஒன்றல்ல. பட்டால் செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், சில சமயம் செத்தும் போகும்.

கேள்வி: சனிக்கிழமை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை செல்ஃப் எடுக்கவில்லை. ஆம்ப் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை. (மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர், ஆவடி)

பதில்: ஆம்ப்பின் ரிமோட் வயர் எதில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீல-வெள்ளைக்குப் பதிலாக மஞ்சளில் சேர்த்திருந்தால், வண்டி நின்றாலும் ஆம்ப் தூங்காது. அது 1 ஆம்பியர் இழுத்தாலே 35 ஏ.எச். பேட்டரி ஒன்றரை நாளில் காலி. உறுதியாகத் தெரிய வேண்டுமா? பேட்டரி மைனஸைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் கோத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. மேலே போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ, அந்த லைனில் திருடன். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டை பக்கம் நிறுத்தியிருந்த வண்டியில் சீட் வரை தண்ணீர். ஆம்ப் காய்ந்து நன்றாகத்தான் ஓடியது. இப்போது அடிக்கடி கட்டாகிறது. (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தண்ணீர் வடிந்தாலும் அதிலிருந்த உப்பும் சாக்கடையும் கப்ளருக்குள் தங்கிவிட்டன. கப்ளரைப் பிரித்தால் முனைகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துத் துடையுங்கள். அந்தப் பச்சைப் படிவு வயருக்குள்ளேயே ஏறியிருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது டெர்மினல் போடுங்கள். கம்பளத்துக்கு அடியில் இருக்கும் எர்த்தையும் விடாதீர்கள். அடுத்த மழைக்குள் ஆம்ப்பை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, டிக்கியில் உயரமாக மாட்டிவிடுங்கள்.

கேள்வி: புது வண்டி. நல்ல செட் போட வயரை வெட்டணும் என்கிறார்கள். (வாசகி, பூந்தமல்லி)

பதில்: வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கென்றே கப்ளர் செட் கிடைக்கும், அதை வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பழைய செட்டையும் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது தேவைப்படும்.