ரிஜிஸ்டர் அவுட் ஆன ரோஜா

சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் காலமெல்லாம் மெஷின் ஓட்டியவர்கள் எதையும் லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால், முகூர்த்த நேரத்துக்கு முன்னால் பிள்ளையார் தும்பிக்கையோரம் சிவப்பு பிதுங்கியிருக்கிறதா என்று தேடுகிற ரகம். எம். புதுப்பட்டியில் அப்படி ஓர் அண்ணாச்சி இருக்கிறார்.

பழைய ரவிவர்மா லித்தோ படம் ஏதாவது கிடைக்குமா என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர், உடம்பெல்லாம் பூப்பூத்த ஓர் இங்கிலீஷ் டீப்பாட்டோடு திரும்பினார். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய சாமான்கள் குவியும் தெரு அது. போனவர் சொன்னதை மட்டும் வாங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இத அடுப்புல வைக்கலாமா?" என்றார் வீட்டம்மா.

"வைக்கக் கூடாது."

"பெறகு எதுக்கு வாங்கிட்டு வந்தீக?"

இதற்கு அண்ணாச்சியிடம் இன்றுவரை பதில் இல்லை.

விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான் என்றுதான் கடைக்காரர் விலை சொன்னார். அண்ணாச்சி பாட்டைக் கவிழ்த்தார். அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று முத்திரை. அமெரிக்காவின் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் ஏற்றுமதிச் சாமான்களில் நாட்டின் பெயர் ஏறியது. வெறும் 'இங்கிலாந்து' என்றால் அந்தக் காலமாக இருக்கலாம். 'மேட் இன்' சேர்ந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. "மகாராணி 1901-லயே போய்ச் சேர்ந்துட்டாகளே" என்றார். விலை கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் வெளியே வந்தது. ரோஜா இதழ் முழுக்கப் புள்ளிகள். தூரிகை பட்ட தடமே இல்லை. மஞ்சள் மட்டும் இதழைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது.

"ரிஜிஸ்டர் அவுட்!" ஒரு நிறம் தன் இடத்தைவிட்டு விலகி விழுந்தால் அச்சகத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இங்கிலாந்துக்காரனும் கோட்டை விட்டிருக்கிறான் என்றதில் அவருக்கு வந்த பூரிப்பு, அச்சு சரியாக விழுந்திருந்தால் வந்திருக்காது.

பூவை அச்சடித்துப் பீங்கானில் ஒட்டுவது அங்கே பழைய தொழில். லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்ற இருவர் ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் பதித்ததாக 1756-இல் சத்தியப் பிரமாணமே கொடுத்தார்கள். பீஸ் ரேட்டுக்குத் தீப்பெட்டி ஒட்டிய ஊருக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். பூக்களோ துணியிலிருந்து வந்தவை. நம் கிழக்குக் கரையிலிருந்து போன பூப்போட்ட துணிக்கு அங்கே கிராக்கி ஏறி, அந்த மாதிரித் துணிகளுக்கு 1721-இல் சட்டம் போட்டே தடை விதித்தார்கள். 1920-களில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பட்டறைகளில் அதே துணிப்பூக்கள் தாளில் அச்சாகி, பாட் முழுக்க ஏறின. ஒட்டியவர்கள் பெண்கள். வளைவுகளில் தாளை வெட்டி மடக்கித்தான் ஒட்ட வேண்டும். அண்ணாச்சியின் பாட்டில் மூக்கு தொடங்கும் இடத்தில் பாதி ரோஜாவும் பாதி இலையும் சம்பந்தமே இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

பாட்டின் உடல்நிலை வேறு கதை. மூக்கு நுனியில் அரிசியளவு சில்லு போயிருக்கிறது. மூடியோரத்துத் தங்கப்பூச்சு தேய்ந்துவிட்டது. உள்ளே சிலந்திவலை மாதிரி மெல்லிய விரிசல்கள். மேல்பூச்சும் உள்மண்ணும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் இப்படி ஆகும். அவற்றில் டீச்சாறு இறங்கிப் பழுப்பேறியிருந்தது. பழைய பூச்சுகளில் ஈயம் கலப்பது வழக்கம் என்பதால், இதில் டீ போட்டுக் குடிக்கவும் கூடாது. வீட்டம்மாவின் கேள்விக்கு வலு கூடிக்கொண்டே போனது.

மளிகைக்கடையில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கில் காட்டியபோதுதான் கைப்பிடியின் அடி பளிச்சென்று ஒளிர்ந்தது. ஒடிந்து, பசை போட்டு ஒட்டிய இடம். டீக்கடை மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "மூக்கு ஒடஞ்சு, கைய ஒட்டி, டீயும் போடக் கூடாதுன்னா, கண்ணாடி அலமாரிதான் அண்ணாச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் சின்ன நீல விளக்கு ஒன்று இருக்கட்டும். பாட்டைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். கைப்பிடி தனியாகக் கழன்று வந்தால், முழு விலையும் உங்கள் தலையில்தான்.