பாடி வேலை ஊருக்கே தெரியும்

வீட்டில் ஒருவர் கார் கட்டுகிறார் என்றால் இன்ஜின் வேலை நடக்கிற வரைக்கும் அவருக்கு நிம்மதி. கார்புரேட்டரைப் பற்றிப் பேசக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கூச்சம் நம் ஜனங்களுக்கு உண்டு. பாடி வேலை தொடங்கிய அன்றைக்கு அந்தக் கூச்சம் போய்விடும். கண் இருக்கிறவர்கள் எல்லோரும் நிபுணர்கள். பால்காரர் ஒரு யோசனை சொல்வார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் ரீடிங்கை விட்டுவிட்டு பானெட்டின் சரிவைக் குறித்துக்கொள்வார்.

கோயமுத்தூர் கணபதியில் என் அக்கா வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் ஒரு கார் கட்டினார். இந்த ஊரில் அது பெரிய விபரீதம் இல்லை. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர். கரிவரதன் பந்தயக் கார் கட்டிய ஊர். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கே அவர் பெயர்தான். ஆகவே மச்சான் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வாங்கிவந்து, குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் சேஸி செய்தபோது யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி சாலைக்கு வரவே வராது என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். நாமே கட்டிய புது வண்டி என்றால் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் சான்று இல்லாமல் பதிவு கிடையாது. இருக்கிற வண்டியை உருமாற்றலாம் என்றாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, இந்தக் கார் ஓடப்போகும் ஒரே ராஜபாட்டை மச்சானின் தோட்டத்து மண் பாதை. இரண்டு பக்கமும் தென்னை மரம். தேங்காய் விழுகிற பாதையில் ஓட்டுவதற்கு முகம் தெரிகிற பாலீஷ் எதற்கு என்று அக்கா கேட்டதற்கு அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

காரின் உருவத்தை நாம்தான் தீர்மானிக்கிறோம் என்பது வெளியில் இருப்பவர்களின் நினைப்பு. முன்கண்ணாடிதான் தீர்மானிக்கிறது. தகட்டை வளைக்கலாம், ஃபைபரை வார்க்கலாம். வளைந்த முன்கண்ணாடியை வீட்டில் செய்ய முடியாது. பழைய சாமான் கடையில் எந்தக் கண்ணாடி கிடைக்கிறதோ அதற்குத் தோதாகத்தான் மற்றதெல்லாம். மச்சான் காகிதத்தில் வரைந்தது இத்தாலியக் கார். கிடைத்தது ஒரு வேனின் கண்ணாடி. வரைபடம் அன்றைக்கே பரணுக்குப் போயிற்று.

அடுத்து ஃபைபரா, தகடா என்ற விவாதம். "கார்வெட்டே 1953-ல ஃபைபர்லதான் மாப்ளே வந்துச்சு. முதல் வருசம் முந்நூறு வண்டிதான்" என்றார் மச்சான். கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964-இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களை ஃபைபர் பாடியில் பூட்டி 'மேயர்ஸ் மேங்ஸ்' செய்ததையும், பெங்களூரில் சிபானி கம்பெனி 'டால்ஃபின்' விட்டதையும் அடுக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்கெல்லாம் துணி காயப்போடற எடத்துலயா பண்ணுனாங்க?" என்றாள்.

ஃபைபரிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, முதலில் உருவத்தைச் செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் பாடியை வார்ப்பது. அச்சின் வழவழப்பு அப்படியே பாடிக்கு வந்துவிடும். ஆனால் ஒரே காருக்காக இரண்டு கார் அளவு வேலை. இன்னொன்று, நுரைக்கட்டியைச் செதுக்கி அதன்மேல் நேராகக் கண்ணாடி நார் விரிப்பை ஒட்டுவது. வேலை சீக்கிரம் முடியும். வெளிப்பக்கம் மட்டும் கரடுமுரடாக வரும். அதைத் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அச்சு எடுத்தால் பத்து வண்டி போடலாம் என்று மச்சான் ஆசையாகத் தொடங்கினார். பத்து வண்டி என்ற சொல் அடுப்படிவரை கேட்டுவிட்டது. நேராக ஒட்டும் முறையே முடிவாயிற்று.

தேய்க்க ஆள் வேண்டும் என்பதால்தான் வாராவாரம் எனக்குக் கறி விருந்து என்பது பிறகுதான் விளங்கியது.

நுரைக்கட்டியிலும் சாதி உண்டு. பாலிஎஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துக் குடித்துவிடும். பாலியூரித்தேன் நுரையை ஒன்றும் செய்யாது. மச்சான் பாடி முழுவதற்கும் நல்ல நுரையை வாங்கிவிட்டு, ஹெட்லைட் மேட்டுக்கு மட்டும் வீட்டில் கிடந்த கொலுத் தெர்மாகோலை வைத்துச் சிக்கனம் பண்ணினார். ராத்திரி ஒட்டிய மேடு காலையில் குழியாகியிருந்தது. "ஒத்தக் கண்ணு டிசைனா?" என்று பால்காரர் விசாரித்தார்.

ரெசினில் ஹார்டனர் கலக்கும் வேலை எனக்கு. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அதற்கும் குறைக்க வேண்டும்; கொஞ்சம் கூடினால் தூரிகை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிப் புகைவிடும். கோயமுத்தூர் குளுகுளு ஊர் என்று சொல்கிறவர்களை ஏப்ரலில் இங்கே கூட்டிவந்து ஒரு கிண்ணம் ரெசின் கொடுக்க வேண்டும்.

ஒட்டிக் காய்ந்த பிறகு டிங்கர் அண்ணன் வந்தார். ஒடுக்கு எடுத்தே ஆயுள் கழித்தவர். பாடியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. உள்ளங்கைக்கு அடியில் ஒரு மெல்லிய துணியைப் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே போனார். "இங்க பள்ளம். இங்க மேடு. இங்க நீங்க பட்டி வெச்சுட்டுத் தேய்க்காமச் சாப்பிடப் போயிருக்கீங்க." எல்லாம் சரி. கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது என்பது அந்தத் தொழிலின் வேதம்.

பள்ளம் நிரப்பும் பட்டியை வைப்பது சுலபம். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அப்பக் கூடாது, அவ்வளவுதான். தேய்ப்பதுதான் வாழ்க்கை. எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி நூற்றிருபது, நூற்றெண்பது, முந்நூற்றிருபது என்று ஏறி, பிறகு தண்ணீர் விட்டு அறுநூறு. நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். தேய்க்கிறவன் சுபாவம் எதிர்த்திசையில் போகும். விரலால் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகிவிடும் என்பதால் நீளக் கட்டையில் தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்புப் பெயிண்டைப் பனிபோல் லேசாகத் தூவி, மறுபடி தேய்ப்போம். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். என் உழைப்பின் லட்சணம் கறுப்புப் புள்ளிகளாகத் தெருவுக்கே தெரியும்.

கண்ணாடி நார்த் தூசிக்கு ஒரு குணம்: சட்டைக்குள் புகுந்தால் அரிப்பெடுக்கும். வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே இறங்கும், பச்சைத் தண்ணீர்தான் மருந்து என்றார் டிங்கர் அண்ணன். என் வேட்டிகளைத் தனியாகத் துவைக்க அம்மா உத்தரவு போட்டாள். துவைக்கிற ஆள் நான்தான்.

இத்தனைக்கும் நடுவில் பின்வீட்டுப் பெரியவர். மில் இயந்திரம் செய்யும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடுவார். "இடது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்குங்க." பாதி உருவத்துக்கு பிளைவுட்டில் வார்ப்புரு வெட்டி, அதையே திருப்பிப் போட்டுத்தான் மறுபக்கம் செய்திருக்கிறோம் என்று மச்சான் விளக்குவார். "அப்ப ரெண்டு பக்கமும் எறங்கியிருக்கும்" என்பார் பெரியவர். டிங்கர் அண்ணனுக்கு இந்த விஷயத்தில் ஒரு தத்துவம் உண்டு: "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல எவனாலயும் பாக்க முடியாதுங்க. வுடுங்க." அதற்கும் பெரியவர் பதில் வைத்திருந்தார்: "முன்னாடி நின்னா பாக்கலாமே."

ராத்திரிகளில் பாடியைத் தண்ணீரால் நனைத்து, டியூப்லைட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றிவருவோம். ஈரத்தில் லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓடினால் நல்லது. நெளிந்தால் அங்கே அலை. "என்னங்க, சாமி பொறப்பாடா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வரும்.

நிறத்துக்கு வீட்டில் தேர்தல் நடந்தது. வெள்ளை எல்லாக் குறையையும் மறைக்கும். கறுப்பு ஒவ்வொரு நெளிவையும் ஊருக்குக் காட்டும். டிங்கர் அண்ணன் வெள்ளை. நான் உயிரைக் கொடுத்து வெள்ளை. அக்கா கறுப்பு என்றாள். இன்னொரு சுற்றுத் தேய்ப்பு.

கடைசிப் பெயிண்டை மட்டும் மச்சான் வீட்டில் அடிக்கவில்லை. 2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுத்துவிடும். பெயிண்ட் பூத் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன், "எந்தக் கம்பெனிங்க, மாடல் என்னங்க?" என்று கேட்டான். மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை பாடும் அந்தக் கேள்விக்குத்தானே. கம்பெனியில் அச்சு அழுத்தும் இயந்திரம் ஒரு கதவை நொடிகளில் தட்டித் தள்ளுகிறது. நாம் மாதக்கணக்கில் கையால் தேய்ப்பது, கை பட்டதே தெரியக் கூடாது என்பதற்காக.

வண்டி திரும்பி வந்த மாலை, பெரியவர் முதன்முறையாக மதிலைச் சுற்றிக்கொண்டு நேரில் வந்தார். முன்னால் நின்று ஒரு கண்ணை மூடினார். பின்னால் போய் மறு கண்ணை மூடினார். குனிந்து கதவுச் சந்தில் விரல் விட்டுப் பார்த்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நிமிர்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"மைலேஜ் என்னங்க குடுக்கும்?"

"பத்துக்கு மேல தாண்டாதுங்க!" என்றார் மச்சான். இவ்வளவு மோசமான மைலேஜை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை.