இது நாவலா, சார்?

தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879-ல் அச்சேறியது. அதில் பிரதாபர் ஊர் பேர் தெரியாத இடத்தில் செருப்பு தைக்கக் கொடுத்து, வேலை முடிந்தால் சந்தோஷப்படுத்துவதாக வாக்குக் கொடுக்கிறார். கூலி கைக்கு வருகிறது, தைத்தவருக்குச் சந்தோஷம் வரவில்லை. விடுவாரா? கேஸ் போடுகிறார். பிரதாபருக்கு ஜெயில்!

எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்து முன்சீப். எத்தனையோ வழக்குகளை விசாரித்தவர். தன் புத்தகத்தின் மேல் நூறு வருஷத்துக்கு வழக்கு நடக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. உபதேசம் ஜாஸ்தி, கிளைக்கதை ஜாஸ்தி, யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கிறது. இதெல்லாம் நாவலா, சார்?

1968-ல் இலங்கை விமர்சகர் க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதி, மார்க்சியக் கண்ணாடி போட்டு எல்லோரையும் அளந்தார். டெல்லியிலிருந்த வெங்கட் சாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. நீண்ட மறுப்பு எழுதினார். தலைப்பு: 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்'. லண்டனில் சிவனே என்று படுத்திருந்த தாடிக்காரரையும் எழுப்பிவிட்டார்கள்!

பிறகு இளம் எழுத்தாளர் ஜெயமோகன் 'நாவல்' என்றே ஒரு புத்தகம் போட்டார். நீங்கள் நாவல் என்று நம்பி வாசித்தவற்றில் பெரும்பாலானவை குறுநாவல்களாம். அவருடைய சொந்த நாவல் 'ரப்பர்' 1990-ல் வந்தது. கேள்வித்தாள் தயாரித்தவரே பரீட்சையும் எழுதினார்.

நாவல் நகரத்தின் பிள்ளை என்பது விமர்சகர்களுக்குப் பிரியமான தியரி. அப்படியானால் பம்பாய்தானே சரியான பிரசவ ஆஸ்பத்திரி? நாஞ்சில் நாடன் 1972-ல் அங்கே வேலைக்குப் போனார். லோக்கல் ரயில், தாராவி, மாட்டுங்கா எல்லாம் கண்முன்னே. 1977-ல் முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்'. உள்ளே இருப்பது? நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சந்தை! 'மிதவை'யில் பம்பாய்க்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார். 'சதுரங்கக் குதிரை'யில் அது தாராளமாக வந்தபோது மனிதர் கோயம்புத்தூருக்கே மாற்றலாகிவிட்டார். தியரிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் ரயிலைத் தவறவிடும்.

அதே பம்பாயின் எழுத்தாளர் அம்பை, 1984-ல் 'தி ஃபேஸ் பிஹைண்ட் தி மாஸ்க்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஆய்வு நூல் எழுதினார். ஆண்கள் மார்க்சா அழகியலா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் வேறு கதவைத் தட்டினார்: பெண்களே எழுதும் கதைகளிலும் பெண் ஏன் இப்படி அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறாள்?

நியாயம்தானே? வேதநாயகம் பிள்ளையின் யானை மாலை போட்டது ஆண் வேஷத்தில் இருந்த பிரதாபரின் மனைவி ஞானாம்பாளுக்கு. அவள் நாட்டை ஆண்டாள், புருஷனைச் சிறையிலிருந்து மீட்டாள், பிறகு கிரீடத்தைக் கழற்றிவிட்டு அவரோடு ஊர் திரும்பினாள். யானை நம்பும்படி இல்லை என்று முகம் சுளித்த பெரியவர்களுக்கு, இது மட்டும் ரொம்ப யதார்த்தமாகப் பட்டது போலும்.