லஸ்கர் தாத்தாவின் மாத்ஸ் டியூஷன்

பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சு மார்க்கு, கூடவும் இல்ல குறையவும் இல்ல, வாங்கி பாஸ் பண்ண பையன். இன்னிக்கு 'மாத்ஸ்'னு பேரு வெச்ச பெட்டிய அமெரிக்காவுலர்ந்து வரவழைச்சி, அதுக்கு கஸ்டம்ஸ்ல வரியும் கட்டி, புழலுக்கு எடுத்தாந்திருக்கான். தாத்தனுக்குப் பெருமை தாங்கல நைனா. அந்த ஒயர் மூட்டைய அப்பால தள்ளிட்டு உக்காரு. கொஞ்சம் பேசணும்.

எனக்குக் காது மந்தம்னு இந்த வூட்ல எல்லாருக்கும் ஒரு நெனப்பு. அத்த நான் கெடுக்கறதில்ல. செவுட்டுக் கிழவன் பக்கத்துல படுத்திருக்கான்னா சனங்க மனசு வுட்டுப் பேசுது. நீயும் உன் கூட்டாளியும் ராவு ரெண்டு மணி வரைக்கும் மேனுவலை உரக்கப் படிச்சி, வீடியோவுல வெள்ளக்காரன் சொல்றத நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் தப்பா வெளக்கம் சொல்லிகினு இருந்தீங்களே, அத்தனையும் உள்ள போயிடுச்சி. நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கல. வேலவெட்டி இல்லாதவனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

மொத ராத்திரி இன்னா பொலம்பல்! "சத்தமே வரலடா, ஏமாத்திட்டானுங்கடா." வராது கண்ணு. அது சத்தம் போடற பெட்டியே இல்ல. சத்தம் போடறது ஆசிலேட்டர். அந்தச் சத்தத்த வடிகட்டறது ஃபில்டர். கூட்டிக் குறைக்கறது விசிஏ. இந்த மாத்ஸ், அவங்க மூணு பேரையும் ஆட்டி வெக்கற ஆளு. இவன் அனுப்பறது பாட்டு இல்ல, வோல்ட்டேஜு. கொஞ்சம் ஏறுனா சுருதி ஏறும், கொஞ்சம் எறங்கினா சத்தம் அடங்கும். கண்ட்ரோல் வோல்ட்டேஜுன்னு அதுக்குப் பேரு. நீ ஸ்பீக்கர்ல நேரா சொருகிட்டு அது பாடும்னு காத்துகினு இருந்த. மேஸ்திரிய மேடையேத்திப் பாடச் சொன்னா அவன் இன்னா பண்ணுவான்?

இத்த எனக்கு எவனும் சொல்லித் தர வேணாம்டா. நான் ஏரியில மதகு பாத்துக்கற லஸ்கரா இருந்தவன். நம்ம புழல் ஏரி ரொம்பினா 21.20 அடி, 3,300 மில்லியன் கன அடி தண்ணி. அவ்ளோ தண்ணியும் ஷட்டருக்கு அடங்கி நிக்குது. ஷட்டரு ஒரு திருகு கம்பிக்கு அடங்குது. கம்பி என் கைக்கு அடங்குது. கை தண்ணி இல்ல, ஆனா தண்ணி எவ்ளோ போகணும், எப்ப போகணும்னு சொல்றது கைதான். உன் பெட்டி அந்தக் கை. அந்தக் கைய வாங்கத்தான் உன் மூணு மாச சம்பளம் போயிருக்குது. என் கைக்கு கவர்மெண்டு சம்பளம் குடுத்துது. சரி, அத்த வுடு.

உபரித் தண்ணி தொறக்கறப்ப பாத்திருக்கியா? ஏரி ரொம்புதேன்னு ஷட்டர ஒரேடியா தூக்க மாட்டாங்க. மொதல்ல செகண்டுக்கு 100, 200 கன அடி. நாரவாரிகுப்பம், கிராண்ட்லைன், வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம்னு வழி நெடுக ஊரு இருக்குது. அவங்களுக்குச் சேதி சொல்லிட்டு, அப்பறம் படிப்படியா ஏத்துவாங்க. எறக்கறதும் அப்பிடித்தான். உன் பெட்டியில 'ரைஸ்'னு ஒரு குமிழு, 'ஃபால்'னு ஒரு குமிழு இருக்குதே, அது ரெண்டும் இதுதான். எவ்ளோ நேரத்துல ஏறணும், எவ்ளோ நேரத்துல எறங்கணும். மூணாவது குமிழு, ஏறுற வழி எப்பிடின்னு கேக்குது: மொதல்ல வேகமா ஏறி அப்பறம் நிதானமா போறதா, நேர்க்கோடா, இல்ல சும்மா கெடந்துட்டு கடைசியில பாயறதா? உங்கப்பன் இந்தக் கடைசி ரகம். மாசம் முழுக்க வாய் தொறக்க மாட்டான், முப்பதாந்தேதி பாயுவான்.

'சைக்கிள்'னு ஒரு பட்டன். அத்த அமுக்கினா ஏறி எறங்கி, எறங்கி ஏறி, நீ நிறுத்தற வரைக்கும் தானே ஓடும். நீ இன்னா பண்ண? குடுத்த காசுக்கு முழுசா அனுபவிக்கணும்னு ரைஸ், ஃபால் ரெண்டையும் வலது கோடிக்குத் திருப்பிட்டு சைக்கிள அமுக்கின. ஒண்ணும் அசையல. "டெட்டு மச்சான்"ன்னு உன் கூட்டாளி தீர்ப்பு சொல்லிட்டான். நீ அட்டப்பொட்டிய தேட ஆரம்பிச்ச. அது செத்துப் போகலடா பேராண்டி, ஏறிகினு இருந்துது! அந்தப் பெட்டிக்கு ஒரு சுத்து முடிய இருபத்தஞ்சு நிமிசம் வரைக்கும் எடுத்துக்கற பொறுமை இருக்குது. உனக்கு இருபத்தஞ்சு செகண்டு இல்ல. நல்ல சோடி. இன்னும் பெரிய பெட்டியா வாங்கு.

அடுத்தது அந்த நடு வரிசைக் குமிழுங்க நாலு. நடுவுல நின்னா பூஜ்யம். வலது பக்கம் போனா நேரா போகும், இடது பக்கம் போனா தலைகீழா போகும். மேல போறது கீழ போகும். நீ நாலையும் அழகா, பொட்டு வெச்சாப்ல, நடுவுல நிறுத்திட்டு "சிக்னல் வரல"ன்ன. பூஜ்யத்தால எத்த பெருக்கினாலும் இன்னா வரும்? முப்பத்தஞ்சு மார்க்குல அந்தக் கேள்வி வரல போலருக்குது.

அப்பறம் நடு ரெண்டு சேனல். ஒண்ணும் சொருகாம வுட்டா அது சும்மா இருக்கும்னு நெனச்ச. இருக்காது. ரெண்டாவது சேனலுக்குப் பின்னால 10 வோல்ட்டும், மூணாவதுக்குப் பின்னால 5 வோல்ட்டும் தானா நிக்குது. நீ ரெண்டாவது குமிழ முழுசா வலிச்சிட்டு, 'சம்'னு எழுதின ஓட்டைலர்ந்து ஒயர எடுத்து ஆசிலேட்டர் சுருதியில சொருகின. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. 200 ஹெர்ட்ஸுல இருக்கற சட்ஜமம் ஒரு வோல்ட்டு ஏறுனா 400, ரெண்டு வோல்ட்டுக்கு 800. பத்து வோல்ட்டுக்குக் கணக்குப் போடு. ரெண்டு லட்சத்துக்கு மேல போவுது. மனுசன் காது 20,000த்தோட கதவ சாத்திக்கும். உன் ஆசிலேட்டர் அவ்ளோ தூரம் போவுதோ இல்லியோ, உன் காதத் தாண்டிடுச்சி. அன்னிக்கு ஒரு அஞ்சு நிமிசம் நீயும் என் கட்சி.

இந்த ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயின்ற கணக்கு மூக்ன்ற அமெரிக்காக்காரரு 1960கள்ல கொண்டாந்தது. அதே காலத்துல கலிபோர்னியாவுல புக்லான்னு ஒருத்தரு. அவரு கணக்கு 1.2 வோல்ட்டு. சேர்ஜுன்னு இன்னொருத்தரு அதுக்கப்பறம். உன் மாத்ஸு புக்லா வூட்டுலயும் சேர்ஜு வூட்டுலயும் கத்துகினு வந்த புள்ள. நீ சொருகற இந்தச் சின்ன ஜாக்கு, 12 வோல்ட்டு ஏற்பாடெல்லாம் 1990கள்ல ஜெர்மனியில டோப்ஃபர்னு ஒருத்தரு பண்ண சட்டம். ஊருக்கு ஒரு கணக்கு. ஒரு ஸ்தாயில பன்னெண்டு ஸ்வரஸ்தானம்னா ஒவ்வொண்ணுக்கும் 83 மில்லிவோல்ட்டு சொச்சம். ஒரு வோல்ட்டுல பன்னெண்டுல ஒரு பங்கு. அத்த எம்மாம் பெரிய குமிழுல புடிப்ப? அதனாலதான் அத்தினி அடக்கற குமிழு வெச்சிருக்கான்.

நீ இன்னா பண்ற? மெதுவா ஆடற வோல்ட்டேஜ எடுத்து, அடக்காம, முழு வீச்சுல சுருதியில வுட்டுட்டு "கமகம் தாத்தா"ன்ற. கமகம் இல்லடா. ஜிஎன்டி ரோட்டுல போற ஆம்புலன்ஸு. கமகம் வேணும்னா வீச்ச ஒரு ஸ்வரத்துக்குள்ள அடக்கு. அப்பறம், ஒரே சீரா ஆட்டாத. ஆட்டத்தோட வேகத்தையே இன்னொரு மெதுவான வோல்ட்டேஜு ஆட்டற மாதிரி குடு. ரைஸுக்கும் ஃபாலுக்கும் தனித்தனியா ஓட்ட இருக்குது, பாத்தியா? அலங்காரத்துக்கு வெச்சதுன்னு நெனச்சியா? ஒரு ஸ்வரத்துலர்ந்து இன்னொரு ஸ்வரத்துக்கு சறுக்கிகினு, அதாவது ஜாருவா, போகணும்னா, சுருதி வோல்ட்டேஜ மாத்ஸோட சிக்னல் ஓட்டையில வுட்டு எடு. படியா வந்தது சரிவா போவும். எவ்ளோ சரிவுன்னு ரைஸும் ஃபாலும் சொல்லும். ஜாரு கேட்டவன் கணக்கா வாசி. ஜாரு கேட்டதில்லன்னா மொதல்ல போய்க் கேளு. பெட்டி எங்கியும் ஓடாது.

இந்தியாவுலயே இந்த மாதிரி ஒயரு வேலைய நீதான் மொத மொத பண்றன்னு உன் கூட்டாளிகிட்ட அளந்தியே, அதுக்குத்தான் எனக்குப் பாயில படுத்துகினே சிரிப்பு வந்துச்சி. இருமறேன்னு நெனச்சி தண்ணி குடுத்த. 1969லயே ஆமதாபாத்துல, தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல, மூக் பெட்டி வந்து எறங்கியாச்சி. கொண்டாந்து பூட்டிக் குடுத்தவரு டேவிட் டியூடர். அந்த ஆளு யாரு தெரியுமா? 1952ல பியானோ முன்னால உக்காந்து, நாலு நிமிசம் முப்பத்துமூணு செகண்டு ஒண்ணும் வாசிக்காம எழுந்து போனாரே, அவரு. ஜான் கேஜ் எழுதினது அது. நீயும்தான் பெட்டி முன்னால உக்காந்து சத்தமில்லாம எழுந்து போற. அவரு வேணும்னே பண்ணாரு, அதான் வித்தியாசம்.

அந்த ஜான் கேஜுக்கு 1946ல நியூயார்க்குல நம்மூரு சங்கீதம் சொல்லிக் குடுத்தது கீதா சாராபாய். பக்கவாஜ் வாசிக்கற பொம்பளை. ராக்கெட்டு வுட்டாரே விக்ரம் சாராபாய், அவரு கூடப் பொறந்தவங்க. நம்ம மெட்ராஸ் கேப்டன் லட்சுமி இருந்தாங்களே, அவங்க தங்கச்சி மிருணாளினி கட்டிகினு போன வூடு அது. அப்பிடிப் பாத்தா கீதா, மிருணாளினிக்கு நாத்தனாரு. ஏதோ ஒரு வழியில மூக் பெட்டிக்கும் நமக்கும் சம்பந்தி உறவு வந்துடுது.

1972 வரைக்கும் அங்க வேல நடந்திருக்குது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுராவெல்லாம் பண்ணதுங்க. ஜோஷிபுரா அப்ப சின்னப் பையன், கட்டடக்கலை படிச்சிகினு இருந்தவன். 'ஸ்பேஸ் லைனர் 2001'னு ஒண்ணு பண்ணிருக்கான். உன்ன மாதிரி வீடியோ பாத்துக் கத்துக்கல. ஒயரு, குமிழு, காது, அவ்ளோதான். ஒரு பெட்டிய நாலஞ்சு பேரு பங்கு போட்டுகினு பண்ண வேல. அப்பறம் அந்த டேப்பெல்லாம் அலமாரியிலயே கெடந்துச்சி. 2017ல பால் பர்காஸ்னு லண்டன்லர்ந்து ஒருத்தரு வந்து தேடிப் புடிச்சாரு, 2023ல இசைத்தட்டா வெளிய வந்துச்சி. நீ கேட்டியே அன்னிக்கு ராவு, ஹெட்போன் கழண்டு ஸ்பீக்கர்ல பாடிடுச்சே, அதுதானே? நான் முழுசாக் கேட்டேன். சில எடத்துல கொசு, சில எடத்துல கெணத்து மோட்டாரு. ஒண்ணு ரெண்டு எடத்துல எந்திரிச்சி உக்காந்துட்டேன். எந்த எடம்னு சொல்ல மாட்டேன்; சொன்னா அத்தயே காப்பியடிப்ப.

என் மதகுக்கும் உன் பெட்டிக்கும் ஒரு எடத்துல ஒத்து வராது. என் ஏரித்தண்ணி என் திருகு கம்பியத் திருகாது. உன்னுதுல சத்தமும் வோல்ட்டேஜுதான், உத்தரவும் வோல்ட்டேஜுதான். மூக் வழியில ரெண்டுக்கும் ஒரே ஓட்ட, ஒரே ஒயரு. அதனால ஒரு சத்தத்தயே எடுத்து இன்னொரு சத்தத்துக்கு உத்தரவா அனுப்பலாம். மாத்ஸோட சைக்கிள வேகமா முடுக்கினா அதுவே பாட ஆரம்பிச்சிடும். மேஸ்திரி பாடமாட்டான்னு மேல சொன்னேனே, முடுக்கினா பாடுவான். புக்லா இத்த ஒத்துக்கல, சத்தத்துக்கு ஒரு ஒயரு, உத்தரவுக்கு வேற ஒயருன்னு பிரிச்சி வெச்சாரு. எனக்கு புக்லாவத்தான் புடிக்குது. கவர்மெண்டு உத்தியோகம் பாத்தவன் புத்தி அப்பிடித்தான் போவும். உனக்கு மூக்குதான் சரி, உனக்கு எதையும் பிரிச்சி வெக்கத் தெரியாது. உன் அலமாரியப் பாத்தாலே தெரியுது.

இன்னும் ரெண்டு சொல்லிட்டு வுட்டுடறேன். பெட்டிக்குப் பின்னால பட்டை ஒயரு மாட்டறப்ப சேப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் வரணும். திருப்பி மாட்டினா பொக வரும், காசு போவும். கரண்ட நிறுத்திட்டு மாட்டு. அப்பறம், பெட்டிய போட்ட ஒடனே சுருதி சேக்காத. அரை மணி நேரம் சூடாகட்டும். அது வரைக்கும் சுருதி நழுவிகினேதான் இருக்கும். சித்திர மாசம் நம்ம ஆஸ்பெட்டாஸு கூரைக்குக் கீழ நானே நழுவறேன்.

முக்கியமான சமாச்சாரம். உன் ரேக்குல நான் எண்ணிப் பாத்தேன். நீ டூட்டிக்குப் போனப்பதான். ஆட்டி வெக்கற பெட்டி ஏழு. ஆடற ஆசிலேட்டர் ஒண்ணு. அடக்கற விசிஏ ஒண்ணு. ஏழு லஸ்கரு கரையில நின்னு ஆளுக்கு ஒரு பக்கம் கை ஆட்றான், கீழ இருக்கற ஷட்டரு ஒண்ணே ஒண்ணு. அடுத்த சம்பளத்துல இன்னோர் லஸ்கர வேலைக்கு வெக்காத. அடக்கற பெட்டி ரெண்டு வாங்கு. ஒரு வோல்ட்டேஜு எவ்ளோ போகணும்ன்றதயே இன்னொரு வோல்ட்டேஜு தீர்மானிக்கும். அப்பதான் மாத்ஸு வாங்கினது செல்லும்.

உங்கம்மா விலை இன்னான்னு எங்கிட்ட கேட்டா. உன்ன காட்டிக் குடுப்பனா? மூர் மார்க்கெட்டுல பழைய சாமான், எட்நூறு ரூபான்னு சொல்லிட்டேன். நம்பிட்டா. ரொம்ப சந்தோசம் அவளுக்கு. இப்ப உங்க அத்தை புள்ளைக்கும் ஒண்ணு வேணுமாம், லீவுல சும்மாதான் சுத்திகினு இருக்கானாம். இந்தா, எட்நூறு. எண்ணிக்கோ. சில்லறயா குடுத்தனுப்பிச்சிருக்கா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வாங்கியாந்துடணுமாம்.